காத்திருக்கத் தெரிந்த ஊரில் ஏன் இத்தனை அவசரம்?

வன்னியில் பொறுமையைப் பற்றிப் பேச வெளிக்கிட்டால் முதலில் ஒரு முரண்பாட்டோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஐப்பசி மழைக்காக வானத்தைப் பார்த்திருந்து, விதைத்து, புல்லுப் பிடுங்கி, யானைக்கும் பன்றிக்கும் இரவிரவாகக் காவல் இருந்து, தை மாசி வரை காலபோக நெல்லுக்குக் காத்திருக்கிறார் ஒரு கமக்காரர். அதே மனிதர் பரந்தன் சந்தியில் முன்னால் நிற்கிற பட்டா வாகனம் மூன்று செக்கன் தாமதித்தால் ஹோர்னில் வைத்த கையை எடுக்க மாட்டார். ஆள் ஒருவர்தான். அப்படியென்றால், பொறுமை என்பது சிலரிடம் இருக்கிற, சிலரிடம் இல்லாத ஒரு குணம் என்று நாம் வழக்கமாகச் சொல்வது எங்கேயோ உதைக்கிறது.

ஏ9 வீதியையே எடுத்துக்கொள்வோம். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஏறத்தாழ 80 கிலோமீற்றர். ஊர்மனைகளுக்கு வெளியே கார் ஒன்று ஓடக்கூடிய உச்ச வேகம் மணிக்கு 70 என்கிறது சட்டம். நிற்காமல் அந்த வேகத்தில் ஓடினால் 69 நிமிடம். 100இல் பறந்தால் 48 நிமிடம். மிச்சம் 21 நிமிடம், அதுவும் கடதாசிக் கணக்கில் மட்டும். வழியில் ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று வேகம் குறைக்க வேண்டிய இடங்கள் வரும், மாடுகள் குறுக்கே படுத்திருக்கும், பொலிஸ் மறிக்கும். உண்மையில் கிடைப்பது பத்து நிமிடம் தேறினால் பெரிய காரியம். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் வளைவில் முந்துகிறார்கள்.

ஆனால் அதே வாகனங்கள் முறிகண்டியில் என்ன செய்கின்றன? நிற்கின்றன. கொழும்பிலிருந்து வருகிற சொகுசு பஸ், சீமெந்து லொறி, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரை ஏற்றிய வான் எல்லாமே பிள்ளையாருக்கு முன்னால் ஓரங்கட்டும். இறங்கி, கால் முகம் கழுவி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, திரும்ப ஏறும்போது நல்ல நேரம் போயிருக்கும். ஒருவரும் "ஏன் இங்கே நிற்கிறாய்?" என்று சாரதியைக் கேட்பதில்லை. வளைவில் இரண்டு நிமிடத்துக்காக உயிரைப் பணயம் வைத்தவர்தான் இங்கே ஆறுதலாகக் கச்சான் உடைக்கிறார். முறிகண்டி நிறுத்தம் எல்லோருக்கும் தெரிந்தது, எல்லோருக்கும் பொதுவானது, முடியும் என்றும் தெரியும், நிற்கிற நேரத்தில் செய்வதற்கு ஏதோ இருக்கிறது. லொறிக்குப் பின்னால் இழுபடுவதில் இந்த நான்கில் ஒன்றும் இல்லை.

ஆக, நான் பொறுமைசாலியா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருப்பதைவிட, எந்தக் காத்திருப்பு மனிதரைக் குழப்புகிறது, எது குழப்புவதில்லை என்று பார்ப்பதில் பயன் கூட. பொறுமையே பெருமை என்று பூப்படத்தோடு விடியற்காலை வட்ஸ்அப்பில் வருகிற வாசகங்களால் ஒருவருக்கும் பொறுமை வந்ததாகத் தெரியவில்லை. அனுப்புகிறவர்களுக்குக்கூட.

முதலில் உடம்பு. அவசரமும் எரிச்சலும் மனதில் தோன்றுவதற்கு முன்னரே உடம்பில் தொடங்கிவிடுகின்றன. மூளையின் உட்பகுதியில் அமிக்டலா என்று ஒரு சிறிய பகுதி உண்டு. ஆபத்து என்று ஒன்று பட்டவுடன் அது காவல் நாயைப்போலக் குரல் கொடுக்கும். அட்ரினலின் ஏறும், இதயம் அடிக்கும், மூச்சு மேலோட்டமாகும். பிறகு கோர்ட்டிசோல் சுரக்கும். "கொஞ்சம் பொறு, யோசி" என்று சொல்கிற வேலை நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளையுடையது. மன அழுத்தம் கடுமையானால் முதலில் தளர்வது அந்த முன்மூளையின் பிடிதான். நித்திரை குறைந்தாலும் அதே கதை. பொறுமை அதிகம் தேவைப்படுகிற நேரத்தில்தான் பொறுமைக்கான கருவி சரியாக வேலை செய்யாது. இது நம்முடைய பலவீனம் என்பதைவிட மூளையின் அமைப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

வன்னியில் இதற்கு மேல் இன்னொரு படை இருக்கிறது. நீண்ட காலம் ஷெல்லுக்கும் கிபிர் குண்டுவீச்சு விமானத்துக்கும் காது கொடுத்து வாழ்ந்த உடம்பு, சத்தம் நின்று பல ஆண்டுகளான பிறகும் முழுதாக இறங்கி வராது. திடுக்கிடுதல், நித்திரையின்மை, சின்ன விஷயத்துக்கும் சினம் பொங்குதல் எல்லாம் போருக்குப் பிந்திய மனவடுவின் அறிகுறிகளாக மருத்துவ நூல்களிலேயே இருக்கின்றன. வடக்கில் பல தசாப்தங்கள் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், வன்னி இடப்பெயர்வைப் பற்றி 2010இல் எழுதிய ஆய்வில் இன்னொரு பக்கத்தையும் காட்டினார். தனி ஆட்கள் மட்டும் காயப்படவில்லை, குடும்பமும் ஊரும் ஒருவரையொருவர் நம்புகிற வழக்கமும் சேர்ந்தே காயப்பட்டன என்பது அவருடைய வாதம். அதை அவர் கூட்டு மனவடு என்று பார்க்கிறார். ஐம்பது வயதுத் தகப்பன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனால் வீட்டில் "அவருக்குக் குணம் சரியில்லை" என்று சொல்லி விடுகிறோம். சில வேளை அது குணமாக இல்லாமல் 2009ஆக இருக்கலாம். அப்படிப்பட்ட ஒருவரிடம் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில் பயனில்லை. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

அந்த நம்பிக்கை என்ற விஷயத்துக்குத்தான் வர வேண்டும்.

1960களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் பாலர் பாடசாலைப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை தொடங்கினார். மேசையில் ஒரு இனிப்பு. இப்போதே சாப்பிடலாம், பெரியவர் திரும்பி வரும்வரை பொறுத்திருந்தால் இரண்டு கிடைக்கும். பொறுத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் படிப்பில் நன்றாக வந்தார்கள் என்ற செய்தி பிறகு உலகம் முழுக்கப் பரவியது. பெற்றோர் கூட்டங்களில் இந்தக் கதையைக் கேட்காத ஊர் இல்லை. பிள்ளை இனிப்பை எடுத்துவிட்டால் அதன் எதிர்காலம் போச்சு என்கிற அளவுக்கு அது ஊதிப் பெருத்தது. ஆனால் 2018இல் டைலர் வாட்ஸ் முதலானோர் இன்னும் பெரிய எண்ணிக்கைப் பிள்ளைகளை வைத்துத் திரும்பப் பார்த்தார்கள். குடும்பத்தின் வசதி, தாயின் கல்வி போன்றவற்றையும் கணக்கில் எடுத்தபோது இனிப்புக்கும் எதிர்காலத்துக்குமான அந்தத் தொடர்பு பெரும்பாலும் கரைந்து போயிற்று.

அதைவிட வன்னிக்கு நெருக்கமானது இன்னொரு சோதனை. 2013இல் வெளிவந்தது, செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் ரொசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்தது. 3 முதல் 5 வயது வரையான 28 பிள்ளைகள். இனிப்பை வைப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை கொடுத்தார்கள். பழைய கலர் பென்சில்களைக் காட்டி, "கொஞ்சம் பொறு, நல்ல புதுசு கொண்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார் ஒருவர். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடியே கொண்டு வந்தார். மற்றப் பாதிக்குக் கையை விரித்தபடி வந்து, "மன்னிச்சுக்கொள், இல்லையாம்" என்றார். ஸ்டிக்கரை வைத்து இன்னொரு தடவையும் அப்படியே. அதற்குப் பிறகுதான் இனிப்பு. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். முழு 15 நிமிடமும் பொறுத்தவர்கள் முதற் குழுவில் 14 பேரில் 9 பேர், இரண்டாவது குழுவில் ஒரேயொரு பிள்ளை.

அந்த ஏமாந்த பிள்ளைகளைப் பொறுமையில்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். அவை கெட்டிக்காரப் பிள்ளைகள். இந்த ஆள் சொன்னால் வராது என்று இரண்டு தடவையில் விளங்கிக்கொண்டு, கையில் இருக்கிறதை வாயில் போட்டுக்கொண்டன.

இப்போது வன்னியில் பிறந்து வளர்ந்த ஒருவரின் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். 2002இல் ஏ9 பாதை திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது. திறந்திருந்த நாட்களில் கல்வீடு கட்டியவர்கள் 2008இல் கூரைத் தகரத்தைக் கழற்றி உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு கிழக்குப் பக்கமாக நடந்தார்கள். விதைத்த வயல் அறுக்க ஆளில்லாமல் நின்றது. "கொஞ்ச நாள்தான், திரும்பிப் போயிடலாம்" என்ற சொல்லை ஒவ்வொரு தறப்பாளுக்குக் கீழேயும் கேட்டார்கள். இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் ஒருவழியாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அதற்குப் பிறகும் பாதிக் காசோடு அத்திவாரத்தில் நின்ற வீட்டுத்திட்டங்கள், ஆட்சி மாறியதும் மறந்துபோன வாக்குறுதிகள். இத்தனைக்கும் பிறகு ஒருவர் "நாளைக்கு" என்ற சொல்லை நம்பாமல் இன்றைக்கே கைக்கு வருவதைப் பிடிக்கப் பார்த்தால், அவருடைய மூளை தன் அனுபவத்திலிருந்து சரியாகத்தான் கணக்குப் பார்த்திருக்கிறது. கஷ்டம் என்னவென்றால், 2008இல் உயிரைக் காத்த கணக்கு வங்கிக் கவுண்டரிலும், பிள்ளையின் கணிதப் பயிற்சிக் கொப்பிக்கு முன்னாலும் பொருந்தாது. அங்கே அது சண்டையாகத்தான் முடிகிறது.

பொறுத்திருக்கக் காசும் வேண்டும். இதைப் பொறுமை பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

அறுவடை நாளில் இரணைமடுக் குளத்தின் கீழோ முத்தையன்கட்டுக் குளத்தின் கீழோ ஒரு வயல் வரம்பில் போய் நின்று பாருங்கள். மெசின் வெட்டிக் கொட்டுகிற நெல் ஈரமாக இருக்கும். நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பதென்றால் ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அதற்குக் காயவிட வேண்டும். காயவிட இடம் வேண்டும், தறப்பாள் வேண்டும், வெயில் வேண்டும், மழை இருட்டினால் ஓடிவந்து குவித்து மூட ஆட்கள் வேண்டும். வசதி இல்லாதவர்கள் தார் வீதியின் ஓரத்திலேயே பரவிவிட்டுக் காவல் இருப்பார்கள். இதற்குள் வரம்படியில் வியாபாரியின் லொறி வந்து நிற்கும். ஈர நெல்லுக்குக் குறைந்த விலை, ஆனால் கையில் காசு. மெசின்காரர் கூலிக்கு நிற்கிறார். உரக்கடையில் கடன் புத்தகம் இருக்கிறது. மனைவியின் சங்கிலி அடகில் இருக்கிறது, திகதி கிட்டுகிறது. வியாபாரிக்கும் இதெல்லாம் தெரியும். "இண்டைக்கு இந்த விலை அண்ணை, நாளைக்குச் சொல்லேலாது" என்பார். இரண்டு மூன்று கிழமை பொறுத்தால் விலை ஏறும் என்று கமக்காரருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நான்கு மாதம் பொறுத்தவருக்கு அந்த இரண்டு கிழமையைப் பொறுக்க வக்கில்லை. "ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை" என்ற பழமொழியைத் தூக்கி அவர் தலையில் போடுவது லேசு. அடகுக் கடைத் துண்டு அந்தப் பழமொழியில் வராது.

இதே விஷயத்தை ஆய்வாக நிறுவியதும் தமிழ் உழவர்களை வைத்துத்தான். தமிழ்நாட்டின் 464 கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன்னும் பின்னும் ஒரே வகையான சிந்தனைச் சோதனைகள் நடத்தப்பட்டன. செண்டில் முல்லைநாதனும் எல்டார் ஷஃபீரும் மற்றவர்களும் செய்த இந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. அறுவடைக்கு முன், கையில் காசில்லாத மாதங்களில், அதே மனிதர்கள் மோசமாகச் செய்தார்கள். காசு வந்த பிறகு அதே சோதனைகளை அவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஆள் மாறவில்லை, அறிவு மாறவில்லை. காசுக் கவலை தலைக்குள் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கிழமைக் கிழமை வசூலிக்கிற நுண்கடனையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும், கட்டுகிற நாள் வந்தால் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். போருக்குப் பிறகு தனியாகக் குடும்பத்தைத் தாங்குகிற எத்தனையோ பெண்கள் இதில் மாட்டினார்கள். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும். திங்கட்கிழமை கட்ட வேண்டிய காசு கையில் இல்லாத தாய், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிள்ளை தேத்தண்ணியைக் கொட்டினால் அடித்துவிடுகிறாள். மறுநாள் அழுகிறாள். அந்த அடியில் பாதி கடன்காரனுடையது.

சரி, பொறுமை நன்றாக வேலை செய்கிற இடங்களும் இதே மண்ணில் இருக்கின்றன. அவற்றைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் உபதேசங்களைவிட அதிகம் விளங்கும்.

ஒன்று, கோடையில் செய்கிற சிறுபோகத்துக்கான தண்ணீர். இரணைமடுவில் சிறுபோகம் செய்ய எல்லோருக்கும் தண்ணீர் காணாது. அதனால் ஒவ்வொரு வருடமும் அரசாங்க அதிபர், நீர்ப்பாசனப் பொறியியலாளர்கள், கமக்கார அமைப்புகள் எல்லாரும் கூடி, குளத்தில் இருக்கிற நீரை அளந்து, இத்தனை ஏக்கர்தான் என்று தீர்மானித்து, காணிக்குரிய பங்கைப் பிரிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் சத்தம் இல்லாமல் இருக்காது. ஆனால் முடிவு வந்து, இந்த வாய்க்காலுக்கு இந்த நாள் முறை என்று ஆகிவிட்டால், மனிதர்கள் காத்திருக்கிறார்கள். முறை பிசகாமல் நடக்கிற வருடத்தில் கடைவாய்க்கால்காரர் வீட்டில் நித்திரை கொள்வார். மேல் வாய்க்காலில் யாரோ இரவில் துரிசைக் கூடத் திறந்தார்கள் என்று ஒரு கதை கிளம்பட்டும், அன்று இரவே டோர்ச் லைற்றோடு வாய்க்கால் கரையில் நாலு பேர். அதற்கடுத்த நாள் ஒவ்வொருவரும் தன் பங்குக்குக் கொஞ்சம் முந்திக் கதவைத் தூக்கப் பார்ப்பார்கள். தண்ணீர் அதேயளவுதான். முறையில் இருந்த நம்பிக்கை போனதும் பொறுமையும் கூடவே போய்விடுகிறது.

மற்றது, முகமாலை. பல ஆண்டுகள் முன்னரங்காக இருந்ததால் கண்ணிவெடி மிக அடர்த்தியாகப் புதைக்கப்பட்ட இடங்களில் ஒன்று. அங்கே மிதிவெடி அகற்றுகிறவர்களில் கணிசமானோர் பெண்கள், அதிலும் குடும்பத்தைத் தனியாக நடத்துகிறவர்கள். வெயிலில் முழங்காலில் இருந்து, முகத்தில் கண்ணாடிக் கவசம், உடம்பில் பாரமான அங்கி, முன்னால் குறித்துவிட்ட ஒடுக்கமான ஒரு பாதை. கருவி ஒலித்த இடத்தில் மண்ணை மேலிருந்து குத்தாமல் பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல வாரி எடுக்க வேண்டும். பெரும்பாலும் வெளியே வருவது துருப்பிடித்த ஆணி, ரின் துண்டு, வெற்றுத் தோட்டா. ஆனால் ஒவ்வொரு ஒலியையும் வெடி என்றே எண்ணித்தான் கிண்ட வேண்டும். உலகத்திலேயே பொறுமை வேண்டிய தொழில் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அந்தப் பெண்கள் எல்லோரும் பிறவிப் பொறுமைசாலிகளா? வீட்டில் அவர்களும் பிள்ளைகளோடு சத்தம் போடுகிறவர்கள்தான். வேலை இடத்தில் பொறுமையை அவர்களின் மனநிலைக்கு விட்டுவிடவில்லை. இத்தனை நேரத்துக்கு ஒருமுறை எழும்பி ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். கூடத் துப்புரவு செய்தேன் என்று ஓடக்கூடாது. முடித்த இடத்தைக் கம்பு நட்டுக் குறித்துக்கொண்டு வருவதால், பின்னால் திரும்பிப் பார்த்தால் முன்னேறியது கண்ணுக்குத் தெரியும். மேற்பார்வையாளர் வந்து திரும்பச் சோதிப்பார். களைத்த மூளையை நம்பக்கூடாது என்ற எண்ணத்தில் கட்டப்பட்ட ஏற்பாடு அது. நாங்கள் வீட்டிலும் கந்தோரிலும் செய்வது நேரெதிர்: களைத்து விழுகிற மட்டும் ஓடிவிட்டு, அந்த நேரத்தில் பொறுமையையும் எதிர்பார்க்கிறோம்.

2022 பெற்றோல் வரிசையையும் ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். நாட்கணக்கில் நின்றார்கள், வரிசையிலேயே படுத்தார்கள், அடிபட்டார்கள். அந்த வருடம் ஜூலை, ஓகஸ்டில் கியூஆர் குறியீட்டை வைத்து எரிபொருளைப் பங்கிடுகிற முறை வந்தது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5. கேட்டால் சிரிப்பு வரும் அளவு. ஆனால் சண்டை குறைந்தது. எவ்வளவு கிடைக்கும், அடுத்த கிழமையும் கிடைக்கும், முன்னால் நிற்கிறவனுக்கும் அதேதான் என்பது தெரிந்துவிட்டது. காத்திருப்பதன் உளவியலைப் பற்றி 1985இல் எழுதிய டேவிட் மைஸ்டரின் கருத்தும் இதற்கு ஒத்துப்போகிறது: எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பு, காரணம் சொல்லப்படாத காத்திருப்பு, நியாயமில்லாத காத்திருப்பு, சும்மா இருந்து காத்திருப்பது எல்லாம் கடிகாரத்தைவிட நீளமாகத் தெரியும்.

ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். விடியப் போய்த் துண்டு எடுத்து, வாங்கில் இருந்து, எத்தனையாம் நம்பர் போகிறது என்று தெரியாமல், டொக்டர் வார்ட்டில் நிற்கிறாரா வரவே இல்லையா என்று தெரியாமல், பின்னால் வந்த ஒருவர் தெரிந்த ஆள் மூலமாக உள்ளே போவதையும் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? "டொக்டர் 10 மணிக்குத்தான் வருவார், முதல் 30 பேரைத் தவிர மற்றவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம்" என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினால் அரைவாசிச் சத்தம் அடங்கும். செலவு ஒரு தாள், ஒரு துண்டு செலோ ரேப்.

தனி ஆள் ஒருவர் தன்னளவில் என்ன செய்யலாம்? நிறைய இல்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும், ஆனால் இருப்பவை வேலை செய்யும்.

நேரத்தில் கொஞ்சம் இடைவெளி விடுவதுதான் முதலாவது; மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. 1973இல் ஜோன் டார்லி, டானியல் பாட்சன் என்ற இருவர் பிரின்ஸ்டனில் குருத்துவக் கல்லூரி மாணவர்களைச் சோதித்தார்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகச் சொல்லிவிட்டு, வழியில் ஒரு ஆளை இருமியபடி சுருண்டு கிடக்க வைத்தார்கள். நேரம் இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். பிந்திவிட்டாய், ஓடு என்று சொல்லப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். சிலர் பேசப் போனதோ வழியில் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனைப் பற்றி! பக்தியும் படிப்பும் சில நிமிட அவசரத்துக்கு முன்னால் நிற்கவில்லை. ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க விடியமுன் எழும்புகிற பெண்ணிடம் போய் "பத்து நிமிடம் முந்தி எழும்பு" என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இரவிலேயே பிள்ளையின் சப்பாத்து, தண்ணிப் போத்தல், கொப்பி மூன்றையும் கதவடியில் வைப்பதை வீட்டில் உள்ள ஆம்பிளையும் செய்யலாம். போனை நோண்டுகிற நேரத்தில் கால்வாசி போதும்.

அடுத்தது, கோபம் ஏறுகிற இடத்தை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது. "இனிமேல் கோபப்பட மாட்டேன்" என்று முடிவெடுப்பது பெரும்பாலும் திங்கட்கிழமைக்குள் முறியும். "இவன் சப்பாத்தைத் தேடத் தொடங்கினால் நான் முதலில் கையில் இருக்கிற பையைக் கீழே வைப்பேன்" என்பது நிற்கும். இப்படி இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முடிச்சுப்போட்ட தீர்மானங்கள் பொதுவான தீர்மானங்களைவிட நிறைவேறுகின்றன என்று பீற்றர் கோல்விற்சர் என்ற ஜேர்மன் உளவியலாளர் நிறையச் சோதனைகளில் காட்டியிருக்கிறார். பையைக் கீழே வைத்தபின் மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டி விட வேண்டும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும், உடம்பின் அமைதிப் பக்கத்து நரம்புகள் வேலை செய்யத் தொடங்கும். இதற்கு யோகாசன வகுப்பு ஒன்றும் தேவையில்லை. புகையிரதக் கடவை மூடிக் கிடக்கிற நேரம் காணும். பசியோடும் நித்திரை இல்லாமலும் முக்கியமான கதைகளைத் தொடங்காமல் விடுவதும் இதோடு சேரும்.

பிள்ளைகளுக்குப் பொறுமை பழக்க விரும்புகிறவர்கள் வாக்குக் கொடுப்பதைக் குறைப்பது நல்லது. "நாளைக்கு வாங்கித் தாறன்" என்பது எங்கள் வீடுகளில் அழுகையை நிறுத்துகிற ஒரு சத்தம் மட்டும்தான். பிள்ளை அதை வாக்கு என்றே எடுத்துக்கொள்கிறது. முடியாது என்றால் முடியாது என்று சொல்லலாம், பிள்ளை கொஞ்சம் அழுதுவிட்டுப் போகும். சம்பளத்தன்று ஐஸ்கிறீம் என்று சொன்னால் சம்பளத்தன்று வாங்கிக் கொடுக்க வேண்டும், அன்று மழையானாலும். கலர் பென்சிலைக் கொண்டு வந்தவரா, கையை விரித்துக்கொண்டு வந்தவரா என்பதைப் பிள்ளை எண்ணிக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்கு வெளியே இந்த மண் எத்தனையோ தடவை கையை விரித்துவிட்டது; வீட்டுக்குள்ளாவது அது நடக்காமல் பார்க்கலாம்.

பொறுமையை வளர்ப்பது பற்றி இவ்வளவும் சொன்ன பிறகு, எதைப் பொறுக்கக் கூடாது என்பதையும் சொல்லாவிட்டால் கணக்குத் தீராது. கிளிநொச்சி கந்தசாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது, அதன் உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டது 2018இல். பதில் வரமுன்னமே கண்ணை மூடிய தாய் தகப்பன்மார் பலர். வெளியிலிருந்து வருகிறவர்கள் அந்தத் தாய்மாரைப் பார்த்து "என்ன பொறுமை!" என்று வியப்பதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பொறுமையாக இல்லை. பொறுக்க மாட்டோம் என்று சொல்லத்தான் வீதியில் இருந்தார்கள். 2017இல் பிலவுக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமுக்கு முன்னால் ஒரு மாதம் இருந்து காணியைத் திரும்பப் பெற்றதும், 2018இல் இரணைதீவு மக்கள் தாங்களே வள்ளங்களில் ஏறித் தங்கள் தீவுக்குப் போய் இறங்கியதும் பொறுமை தீர்ந்த இடத்தில்தான் நடந்தன. அதிகாரம் உள்ளவர் இல்லாதவரைப் பார்த்து "பொறுங்கோ" என்று சொல்லும்போது, எந்தத் திகதி வரை என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

அந்தத் திகதியைக் கேட்கச் சட்டத்திலும் ஒரு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. காணி அனுமதிப்பத்திரமோ வீட்டுத்திட்டப் பட்டியலோ, கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று பிரதேச செயலகத்திலும் கேட்கலாம், கமநல சேவை நிலையத்திலும் கேட்கலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறாய் என்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் மேன்முறையீட்டுக்குக் குறித்த அலுவலர் இருக்கிறார், அதற்கும் மேலே ஆணைக்குழு இருக்கிறது. கொடுத்ததும் கிடைத்ததாக எழுத்தில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, திகதி சரியா என்று அங்கேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் மறந்தாலும் அந்த 14 வேலை நாளை நீங்கள் அதை வைத்துத்தான் எண்ண வேண்டும்.